கட்டத்துக்குள்ள கெடக்கு லாபம்

வாலே பேராண்டி, உக்காரு. அந்த மடிக்கணினியை இப்படித் திருப்பு. எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்தான். ஆனா கலர் தெரியும்.

அடேயப்பா! பச்சை, சிவப்பு, ஆரஞ்சு. டெல்டாவுக்கு ஒரு பத்தி, தீட்டாவுக்கு ஒரு பத்தி, காமாவுக்கு ஒண்ணு, வேகாவுக்கு ஒண்ணு. மேல கொட்டை எழுத்துல ‘ரிஸ்க் மேனேஜ்மெண்ட்’னு தலைப்பு வேற. ஒரு கட்டத்துல நம்பரைத் தட்டினா இன்னொரு கட்டம் தானா நெறம் மாறுது. பாக்கப் பாக்க நல்லாத்தான் இருக்கு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உன் அறையில வெளக்கு எரியுதேன்னு உங்கம்மா கவலைப்பட்டா. பய பரீட்சைக்குப் படிக்கான்னு நெனைச்சா, பாவம். நீ கட்டத்துக்குக் கலர் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கே.

இந்தக் கெழவனுக்கு ஆப்ஷன் ட்ரேடிங் என்ன தெரியும்னு சிரிக்காதே. வத்தல் கமிஷன் கடையில கணக்கெழுதிப் பொழைச்சவன் நான். அன்னன்னைக்குச் சிட்டை, அப்புறம் பேரேடு. உங்கப்பன் வாங்கிக் குடுத்த செல்போன்ல நீ சொல்ற சங்கதி அம்புட்டையும் வாசிச்சுட்டுத்தான் பேசறேன். வேற என்ன வேலை எனக்கு?

சரி, ஆப்ஷன்னா என்ன? நீ வாயைத் தொறந்தா இங்கிலீசு கொட்டும். நான் சொல்றேன், கேளு. பத்து லட்ச ரூவா இடத்துக்குப் பத்தாயிரம் அச்சாரம் குடுக்கான் ஒருத்தன். மூணு மாசம் தவணை. அதுக்குள்ள இடம் இருபது லட்சம் ஆயிருச்சுன்னா, பேசின பத்துக்கே வாங்கிக்குவான். எட்டு லட்சத்துக்கு எறங்கிருச்சுன்னா, அச்சாரம் போனாப் போகுதுன்னு நடையைக் கட்டிருவான். அவனுக்குப் போறது பத்தாயிரம், அதுக்கு மேல ஒத்தைக் காசு போகாது. அவன் கால் ஆப்ஷன் வாங்கினவன்.

அச்சாரத்தை வாங்கினவன் கதி என்ன? வெலை ஏறலைன்னா பத்தாயிரம் லாபம். ஏறினா, எம்புட்டு ஏறினாலும் பேசின வெலைக்குக் குடுத்தே ஆகணும். இடம் கையில இருந்தாலாவது தாங்குவான், வர வேண்டிய லாபம்தான் போச்சு. இடமே இல்லாம அச்சாரம் வாங்கியிருந்தா? இருபது லட்சத்துக்கு வெளிய வாங்கிப் பத்து லட்சத்துக்குக் குடுக்கணும்.

ஏலே, நீ வாரா வாரம் செய்யுறது அதானே? இல்லாத இடத்துக்கு அச்சாரம் வாங்குறே. அதுவும் ஏறினாலும் அடி, எறங்கினாலும் அடின்னு ரெண்டு பக்கமும் வாங்குறே. அதுக்கு ‘ஸ்ட்ராங்கிள்’னு பேரு வச்சு, நாள் ஓட ஓட அச்சாரம் கரையுறதை ‘தீட்டா திங்கறேன் தாத்தா’ங்கறே. தின்னு, தின்னு. யாரு யாரைத் திங்கறாகன்னு அப்புறம் பாப்போம்.

ஒன் தாள்ல ஒரு கட்டம் எனக்கு ரொம்பப் புடிச்சுது. ‘வெற்றி சதவீதம்: 90’. பச்சையில மினுமினுங்குது. பத்து வாரத்துல ஒம்பது வாரம் ஜெயம். இதைத்தானே ஒன் கூட்டாளிகளுக்கெல்லாம் படம் புடிச்சு அனுப்புறே? இப்பக் கணக்கப்பிள்ளை கணக்கு ஒண்ணு போடுவோமா? நிஃப்டி லாட்டை, அதான் ஒரு மூட்டைக்கு எத்தனைங்கிறதை, அப்பப்ப மாத்துறாக, நாம கணக்குக்கு 75னு வச்சுக்குவோம். ரெண்டு பக்கமும் இருபது இருபது ரூவா அச்சாரம். ஆக வாரத்துக்கு 3,000. ஒம்பது வாரத்துக்கு 27,000. பத்தாவது வாரம்?

பத்தாவது வாரத்துக்கு நான் கற்பனை பண்ண வேண்டியதில்லை. 2024 ஜூன் 3, திங்கக்கெழமை. முந்தின சனிக்கெழமைதான் தேர்தல் கருத்துக்கணிப்பு சொன்னாக. ஒரே கொண்டாட்டம், நிஃப்டி ஏறி 23,264-ல போயி நின்னுச்சு. மறுநா ஜூன் 4, ஓட்டு எண்ணினாக. ஒரே நாள்ல 1,379 புள்ளி எறங்கி 21,884-ல முடிஞ்சுது. 600 புள்ளி கீழ புட், அதான் எறங்கினா அடி விழுற பக்கத்து அச்சாரம், வித்து வச்சு, ‘அம்புட்டுத் தூரம் எங்க தாத்தா எறங்கப் போகுது’ன்னு ஒருத்தன் இருந்திருந்தா? 779 புள்ளி உள்ள வந்துருச்சு. அன்னைக்கே கணக்கை முடிச்சிருந்தா, 75-ஆல பெருக்கு, 58,425. அந்த வாரமும் அச்சாரம் 3,000 வாங்கினேல்ல, அதைக் கழி. 55,425. ஒம்பது வாரம் சேத்தது 27,000. மிச்சம்? மிச்சம் எங்க இருக்கு, 28,425 கடன்தான் இருக்கு. ஆனா வெற்றி சதவீதம் பாரு, அதே 90. கட்டம் இன்னும் பச்சையாத்தான் இருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. நம்ம தேசியப் பங்குச் சந்தையில நிஃப்டி ஆப்ஷன் வியாபாரத்தைத் தொடங்கினதும் ஒரு ஜூன் 4 தான், 2001-ல. பொறந்தநாளுக்கு நல்லாத்தான் சாப்பாடு போட்டிருக்காக.

‘நான் ஸ்டாப்லாஸ் போடுவேன் தாத்தா.’ போடு ராசா, போடு. வெலை படிப்படியா எறங்கினா அது காவல் காக்கும். ராத்திரி நீ தூங்கும்போது ஒலகத்துல ஏதாச்சும் நடந்து, காலையில சந்தை தொறக்கும்போதே குழிக்குள்ள தொறந்தா? நீ சொன்ன வெலையிலே அங்க ஆளே இருக்க மாட்டான். 2020 மார்ச் 23, கொரோனா நேரம். நிஃப்டி 1,135 புள்ளி எறங்கி 7,610-ல முடிஞ்சுது, 13 சதவீதம். நடுவுல முக்கா மணி நேரம் கடையையே சாத்திட்டாக. ஸ்டாப்லாஸ் எங்க போயி முட்டும்? சாத்தின கதவுலயா?

ஊரு ஒலகத்துல பெரிய பெரிய ஆளுகளே இப்படி அச்சாரம் வாங்கிக் கவுந்திருக்காக. பேரிங்ஸ்னு இங்கிலாந்துல ஒரு பேங்கு, 1762-ல ஆரம்பிச்சது. அதுல நிக் லீசன்னு ஒரு பய சிங்கப்பூர்ல ஒக்காந்துக்கிட்டு, ஜப்பான் சந்தை அசையாதுன்னு ரெண்டு பக்கமும் வித்து வச்சான். 1995 ஜனவரி 17-ல கோபே ஊர்ல பூகம்பம். பூமியே அசைஞ்சா சந்தை அசையாம இருக்குமா? விட்டதைப் புடிக்கேன்னு மேல மேல போட்டான். 82 கோடி பவுனுக்கு மேல காலி. பேங்கை ஒத்தைப் பவுனுக்கு வித்தாக.

அந்தப் பய ஒளிச்சு வச்சுச் செஞ்சான், நான் எக்செல்ல பளிச்சுன்னு எழுதி வச்சில்லா செய்யுறேங்கறியா? அப்ப எக்செல் கதைக்கே வாரேன். இதைக் கொஞ்சம் நின்னு நெதானமாச் சொல்லணும், ஏன்னா இதுல நீ இருக்கே.

ஜே.பி.மார்கன். அமெரிக்காவுல பெரிய பேங்கு. 2012-ல அவுக லண்டன் ஆபீசுல ஒரு கூட்டம் கடன் பத்திரத்து மேல பந்தயம் கட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாளைக்கு எம்புட்டுப் போகலாம்னு அவுகளும் ரிஸ்க் கணக்கு வச்சிருந்தாக, அதுக்கு ஒரு வரம்பும் வச்சிருந்தாக. அந்த வருசம் ஜனவரியில வரம்பு மீறிப் போச்சு. மீறினா என்ன செய்யணும்? சம்சாரி வீட்டுப் புள்ள சொல்லு. பந்தயத்தைக் கொறைக்கணும்ல? அவுக என்ன செஞ்சாக தெரியுமா? கணக்குப் போடுற முறையை மாத்தினாக. புது மாடல் வந்துச்சு, ரிஸ்க் பாதியாக் கொறைஞ்சு போச்சு. 13 கோடி டாலர் சொச்சம் இருந்தது ஆறரைக் கோடி சொச்சம் ஆச்சு. சரக்கு அப்படியேதான் கெடக்கு, தாள்ல மட்டும் எளைச்சுப் போச்சு.

பொறவு பேங்கே ஆள் வச்சு விசாரிச்சா, அந்த மாடல் எதுல ஓடியிருக்குங்கே? எக்செல்ல! ஒரு தாள்லருந்து இன்னொரு தாளுக்குக் கையால எடுத்து ஒட்டிக்கிட்டு இருந்திருக்காக. அதுல ஒரு சூத்திரம், சராசரியால வகுக்கிறதுக்குப் பதிலாக் கூட்டுத்தொகையால வகுத்துருச்சு. ரெண்டு நம்பரோட கூட்டுத்தொகை சராசரியைப் போல ரெண்டு மடங்கு. அப்ப வகுத்தா வாரது பாதி. வெலை ஆடுற ஆட்டம் பாதின்னு காமிச்சுது. கடைசியில மொத்த நஷ்டம் 600 கோடி டாலருக்கு மேல. நான் வேலை பாத்த கடையில கூட்டுத்தொகையால வகுத்திருந்தா மொதலாளி அந்தப் பேரேட்டை என் தலையிலேயே போட்டிருப்பாரு.

அந்தத் தாளும் பாக்க அழகாத்தான் இருந்திருக்கும். தப்பான சூத்திரம் செவப்புல எரியுமா? அது பாட்டுக்குப் பச்சையில சிரிச்சுக்கிட்டு நிக்கும். 2020-ல இங்கிலாந்துல கொரோனா வந்தவுக பட்டியலை எக்செல்லோட பழைய வகைக் கோப்புல ஏத்தினாக. அதுல 65,536 வரிக்கு மேல எடமில்லை. கிட்டத்தட்ட 16,000 பேரு கணக்குல வராமலே விட்டுப் போனாக. மெசின் ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம் போட்டுச்சா? இல்லையே.

ஒன் தாளுக்கு வருவோம். ‘பேக்டெஸ்ட்’னு ஒண்ணு வச்சிருக்கே. போன மூணு வருசம் இப்படிச் செஞ்சிருந்தா எம்புட்டு வந்திருக்கும்னு. வந்திருக்கும், வந்திருக்கும். எங்க அய்யா சென்னையில எடம் வாங்கிப் போட்டிருந்தா நானும் இந்நேரம் காருல போயிருப்பேன். எந்த வெலையை எடுத்துப் போட்டிருக்கே? கடைசியா வியாபாரமான வெலை. சந்தை பதறி ஓடுற நேரத்துல அந்த வெலைக்கு யாரு குடுப்பா? வாங்குறவன் கேக்குற வெலைக்கும் விக்கிறவன் சொல்ற வெலைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும்லே, அதைத் தாண்ட யாரு காசு குடுக்கா? அது ஒன் தாள்ல இல்லை. தரகு, வரி, ஜிஎஸ்டி? அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. காலியாக் கெடக்கு.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பர்ல ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. மூணு நிதியாண்டு, இந்த வியாபாரம் செஞ்ச ஒரு கோடிக்கு மேல தனி ஆளுக. அதுல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரி ரெண்டு லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடி. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல லாபம் பாத்தவுக நூத்துக்கு ஒருத்தர்தான். கடைசி வருசத்துல தரகுக்கும் வரிக்கும் மட்டுமே ஆளுக்கு 26,000 போயிருக்கு. நஷ்டப்பட்டவுகள்ல நாலுல மூணு பங்குக்கு மேல மறுபடியும் வந்து நின்னிருக்காக. அதான்லே எனக்குச் சிரிப்பு. அடுத்து ஒரு கணக்கு 2025 ஜூலையில வந்துச்சு. அப்ப முடிஞ்சிருந்த நிதியாண்டுல 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஒரு லட்சம் கோடிக்கு மேல. 93 போயி 91. நல்ல முன்னேற்றம், ஒரு அம்பது வருசத்துல சரியாயிரும்.

‘அவுகள்ளாம் எக்செல் இல்லாம ஆடினவுக தாத்தா’ங்கறியா? இருக்கலாம். ஆனா எதிர்ப்பக்கம் ஒக்காந்து ஜெயிச்சவன் யாருன்னும் அதே கணக்குல இருக்கு. தன் காசைப் போட்டு ஆடுற பெரிய கம்பெனிகளும் வெளிநாட்டு நிறுவனங்களும். அவுக லாபம் கிட்டத்தட்ட முழுசும் கம்ப்யூட்டர் தானா ஆர்டர் போட்டு வந்தது. நீ கட்டத்துக்குக் கலர் மாத்துற நேரத்துல அவன் போட்டு எடுத்துட்டுப் போயிருவான்.

ஒன் ஆப்ல தெனம் காலையில உள்ள போகும்போதே ஒரு பலகை வருதுல்ல? பத்துல ஒம்பது பேரு நஷ்டப்படுறாகன்னு? அதை என்ன செய்யுறே? ‘சரி’ன்னு தட்டிட்டுப் போறே. வாசிச்சியாலே ஒரு நாளாச்சும்? அந்த ஒம்பது பேரும் அப்படித்தான் தட்டினாக.

ஒன் தாள்ல இருக்கிற பெரிய சூத்திரம் பிளாக்-ஷோல்ஸ்னு பீத்திக்கிட்டியே. அதைக் கட்டின ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997-ல நோபல் பரிசு வாங்கினாக. அவுக பங்காளியா இருந்த எல்.டி.சி.எம்.ங்கிற கம்பெனி மறு வருசமே முங்கிப் போச்சு. ஊர்ப்பட்ட பேங்கு சேந்து 360 கோடி டாலர் போட்டுத் தூக்கினாக. சூத்திரம் தப்பில்லை. கடன் வாங்கி அளவுக்கு மீறிப் போட்டாக, அம்புட்டுத்தான்.

அளவு. ஒன் தாள்ல இல்லாத சரக்கு அதுதான். ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாக. நீ ஆத்துலதான் போடுறே, அளந்தாவது போடக்கூடாதா? இருபது பத்தி வச்சிருக்கே, ‘இந்த வியாபாரம் முழுசாக் கெட்டா எம்புட்டுப் போகும்’னு ஒரு பத்தி எங்க? அதை மொதப் பத்தியாப் போடு. மத்ததெல்லாம் அதுக்குப் பொறவு.

இப்பவே போட்டுப் பாப்பமா? கணக்குக்கு மொதல் ஒரு லட்சம்னு வச்சுக்குவோம். ஒரு வியாபாரத்துல நூத்துக்கு ரெண்டுக்கு மேல விடக்கூடாதுன்னு நீயே மேல எழுதி வச்சிருக்கே, நல்ல வழக்கம். ரெண்டு சதவீதம்னா 2,000. நூறு ரூவா அச்சாரத்துல ஒரு கால் வாங்கினா 7,500. செவ்வாக்கெழமை எக்ஸ்பைரியில, அதான் தவணை முடியுற நாள்ல, பூச்சியம் ஆனா முழுசும் காலி. அப்ப ஒரு லாட்டு வாங்கவே ஒன் விதி ஒன்னை விடமாட்டேங்குது! விக்கிறதுன்னா கேக்கவே வேண்டாம். ஒப்பந்தம் குறைஞ்சது 15 லட்ச ரூவாய்க்கு இருக்கணும்னு செபி 2024-ல வச்சதே ஒன்னைய மாதிரிப் பயலுகளை வாசல்ல நிறுத்தத்தான். நீ அதைப் பாத்து ‘அடேங்கப்பா, லாட்டு பெருசாயிருச்சு, லாபமும் பெருசா வரும்’ங்கறே. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேணும்லே. ஒனக்கு விரலை விட வீக்கம் பெருசா இருக்கு.

விக்கத்தான் செய்வேன்னு ஒத்தக்கால்ல நின்னா, தள்ளி ஒண்ணை வாங்கியும் வச்சுக்கோ. வித்த புட்டுக்கு இன்னும் 200 புள்ளி கீழ ஒரு புட். மேல கால் வித்திருந்தா அதுக்கும் இப்படி ஒண்ணு. லாபம் கொஞ்சம் கொறையும். ஆனா எந்தப் பூகம்பம் வந்தாலும் ஒரு பக்கத்துக்கு 200-ஐ 75-ஆல பெருக்கின 15,000-க்கு மேல போகாது, வாங்கின அச்சாரத்தை அதுலயும் கழிச்சுக்கலாம். இதைச் சொன்னா ‘பிரீமியம் வேஸ்ட் தாத்தா’ங்கறே. பாதி மொதல் போச்சுன்னா மிச்சத்தை ரெண்டு மடங்காக்கினாத்தான் பழைய எடத்துக்கு வரமுடியும், அது மட்டும் வேஸ்ட்டு இல்லையா?

தாளே வேண்டாங்கறேன்னு நெனைக்காதே. எழுதுறது நல்லது, நானே எழுதிப் பொழைச்சவன்தானே. ஆர்டர் போடறதுக்கு முந்தி எழுது. ஏன் போடறேன், எங்க வெளிய வருவேன், போனா எம்புட்டு. பொறவு எழுதினா அது கணக்கு இல்லை, கதை. போட்ட வரம்பைச் சந்தை வந்து தட்டினதும் ‘இன்னொரு அம்பது புள்ளி பாப்போம்’னு கட்டத்துல நம்பரை மாத்துறே பாரு, அந்த நேரத்துல நீ லண்டன்காரன் ஆயிருதே. அவனாவது அடுத்தவன் காசுல ஆடினான். இது உங்கப்பன் வைப்பு நிதிப் பணம்னு கேள்விப்பட்டேன்.

டெலிகிராம்ல ஒருத்தன் மாசம் பத்து சதவீதம்னு கோர்ஸ் விக்கானாமே, அவன் தாளைத்தான் நீ காசு குடுத்து வாங்கியிருக்கேன்னு உங்கம்மா சொன்னா. மாசம் பத்து வருதுன்னா அவன் ஏன்லே ஒனக்குத் தாள் விக்கான்? லாபத்தைப் படம் புடிச்சுப் போடறான், சரி. நஷ்டமான நாள்ல அவன் செல்போன்ல காமிரா வேலை செய்யாது போல.

சரி, மூடாதே, இரு. கணக்கப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம். தொகையைப் பாக்குறதுக்கு முந்தி வரிசை நம்பரைத்தான் பாப்பான். இடது ஓரத்துல வரிசையா நம்பர் வருதுல்ல. 39, 40, 41. அதுக்குக் கீழ 46. நடுவுல நாலு வரி எங்கலே? மறைச்சு வைக்கிற வசதி இருக்காமே அதுல. மறைச்ச வரியையும் சேத்துக் கூட்டுற சூத்திரம் ஒண்ணு, விட்டுட்டுக் கூட்டுற சூத்திரம் ஒண்ணு. நீ எதைப் போட்டிருக்கேன்னு நான் கேக்கலை. அந்த 41-ஐயும் 46-ஐயும் சேத்துப் புடிச்சு வலது பக்கம் தட்டி, ‘அன்ஹைட்’னு ஒண்ணு வரும், அதை அமுக்கு. நான் கண்ணாடியை எடுத்துட்டு வந்துருதேன்.